பதுங்கிய புலி பசியோடுதான் போகும்

“புலி பதுங்குவது பாய்வதற்கே” என்ற பழமொழியைச் சீட்டாட்ட மேசைக்குக் கொண்டுவந்தவர் எவராயினும், அவரைத் தேடிப் பிடித்து, அவருடைய சொல்லை நம்பி ஒமாஹா ஆடியவர்கள் இழந்த பணம் முழுவதையும் அவரிடமே அறவிடவேண்டும். போக்கர் பற்றிக் கதைக்கும் எவரிடம் போனாலும் இரண்டு புத்திமதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பலமான கை வந்தால் மூச்சுக் காட்டாதே, எதிராளியை உள்ளே வரவிட்டுக் கடைசியில் பாய்ந்து பிடி என்பது ஒன்று. கை நிறையாத நிலையில் பணம் போடாதே, அடுத்த சீட்டு வருமென்று காத்திருப்பவன் வெறும் சூதாடி, நிறைந்த கையோடு இருப்பவனே ஆட்டக்காரன் என்பது மற்றது. டெக்சாஸ் ஹோல்டெம் என்ற ஆட்டத்தில் இவ்விரண்டும் அரை உண்மைகள். ஒமாஹாவில் இவை பொய்கள். அதுவும் விலை கொடுத்து வாங்கும் பொய்கள்.

அரசியலையும் அகதி வாழ்வையும் எழுதவேண்டிய இடத்தில் சூதாட்டமா என்று முகஞ்சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதற்கு மேல் அறிவுரை சொல்ல நான் யார்? ஆடாதிருப்பவர்கள் ஆடாமலே இருக்கட்டும். அது அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்துக்கும் நல்லது. ஆனால் ஆடுபவர்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் அண்மையில் எனக்கு நீண்டதொரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். மூன்று தடவை தொடர்ந்து ஆகப் பெரிய கையோடு தோற்றுவிட்டாராம். எதிராளிகளின் கைகளில் அப்போது ஒன்றுமே இருக்கவில்லையாம். ஆகவே இணையத்தளம் ஏமாற்றுகிறதாம். மூன்று ஆட்டங்களையும் சீட்டுச் சீட்டாக விவரித்திருந்தார். அவற்றைப் பார்த்தபோது தளம் ஏமாற்றியதற்கான அறிகுறி எதனையும் நான் காணவில்லை. அவரை ஏமாற்றியது மேலே சொன்ன புத்திமதிதான். “ஒன்றுமே இல்லாத கை” என்று அவர் எழுதியிருந்ததைத்தான் நான் பலமுறை திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒமாஹாவில் பணம் பறிபோகும் வாசல் அந்தச் சொற்களிலேயே இருக்கிறது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 2 கைச்சீட்டுகள். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டுகள் விழும்: முதலில் மூன்று ஒன்றாக, பின்னர் ஒன்று, பின்னர் இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். ஒமாஹாவும் இதே அமைப்புத்தான். ஆனால் கைச்சீட்டுகள் 4. அவற்றுள் இரண்டை, சரியாக இரண்டை மட்டுமே, பொதுச்சீட்டுகளில் மூன்றோடு சேர்த்து ஐந்து சீட்டுக் கை அமைக்கவேண்டும். ஒன்றைப் பயன்படுத்தவும் முடியாது, மூன்றைப் பயன்படுத்தவும் முடியாது. மேசையில் நான்கு ஆட்டின் சீட்டுகள் கிடக்க, கையில் ஆட்டின் ஏஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிளஷ் அடித்துவிட்டதாகத் துள்ளுபவர்களை முதல் நாளிலேயே காணலாம். இரண்டாவது முக்கிய வேறுபாடு, ஒமாஹா பெரும்பாலும் நடுவில் குவிந்திருக்கும் தொகைக்கு மேற்படாத பந்தயத்துடன் ஆடப்படுவது. நடுவில் 100 இருந்தால் ஆகக் கூடியது 100தான் கட்டலாம்.

நான்கு சீட்டுகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் 6 சோடிகள் வரும். அதாவது எதிரில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒன்றுக்குப் பதிலாக ஆறு வழிகளில் உங்களை நோக்கி வருகிறார். இதை உணராமல் ஒமாஹாவை ‘இரண்டு சீட்டுக் கூடிய ஹோல்டெம்’ என்று நினைப்பதிலிருந்துதான் எல்லா வினையும் தொடங்குகிறது.

அப்படி நினைப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸ் நகரின் கோல்டன் நகெற் விடுதியில் ஒமாஹா அறிமுகமானபோது, அதற்கு இடப்பட்ட பெயரே ‘நகெற் ஹோல்டெம்’ என்பதுதான். ஆட்டம் பெயரை மாற்றிக்கொண்டது, பார்வை மாறவில்லை. பின்னர் 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் சிறுதொகை கட்டித் தகுதிபெற்று, உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றார். அதனைத் தொலைக்காட்சியில் பார்த்து உலகமே சீட்டுக்கட்டை எடுத்தது. அந்த ஆட்டம் ஹோல்டெம். அந்த அலையில் வந்த நூல்கள், நிகழ்ச்சிகள், பயிற்சிப் பாடங்கள் பெரும்பாலானவையும் ஹோல்டெம் பற்றியவை. அங்கே கற்ற பழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் பலர் ஒமாஹா மேசைக்கு இடம்பெயர்ந்தார்கள்.

எம்மவரிடம் இந்தப் பழக்கம் இன்னும் கொஞ்சம் ஆழமாக ஊறியிருக்கிறது என்பது என் எண்ணம். நாங்கள் முந்நூற்றிநாலு ஆடி வளர்ந்தவர்கள். கலாவரை, இஸ்கோப்பன் என்று ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பெயர்களைச் சொல்லிச் சீட்டுப் போட்டவர்கள். அந்த ஆட்டத்தில் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது எதுவென்று முகத்தில் தெரியாமல் இருப்பதே பெரிய கெட்டித்தனம். பலத்தை மறைப்பவன் கெட்டிக்காரன் என்ற பாடம் அங்கேயே மனதில் பதிந்துவிடுகிறது. முந்நூற்றிநாலில் அது சரி. ஏனெனில் அங்கே சீட்டுகள் முழுவதும் கைக்கு வந்துவிட்டன. நீங்கள் மறைத்து வைத்திருக்கும்போது உங்கள் துரும்பு பலவீனப்படுவதில்லை. ஒமாஹாவில் நீங்கள் மறைத்து வைத்திருக்கும் நேரத்தில் அடுத்த சீட்டு விழுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கென்றால் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகும் வாசகர்கள் இந்த ஒருமுறை மட்டும் பொறுத்தருளவேண்டும். நான் சொல்வதை நம்பவேண்டாம். ஒரு சீட்டுக்கட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

முதல் மூன்று பொதுச்சீட்டுகள்: ஆட்டின் 9, ஆட்டின் 8, கிளாவர் 2. முதலாமவரிடம் இஸ்பேட் 9, டயமன் 9, கிளாவர் ஏஸ், டயமன் ராஜா. அவருக்கு மூன்று ஒன்பதுகள் அமைந்துவிட்டன. இந்த மேசையில் இக்கணத்தில் இதைவிடச் சிறந்த கை கிடையாது. இவ்வாறான ஆகச் சிறந்த கையைப் போக்கர்காரர் ‘நட்ஸ்’ என்பர். இரண்டாமவரிடம் ஆட்டின் ஜாக், ஆட்டின் 10, இஸ்பேட் 7, இஸ்பேட் 6. அவரிடம் ஒரு சோடிகூட இல்லை. எமது மின்னஞ்சல் நண்பரின் மொழியில் ‘ஒன்றுமே இல்லாத கை’.

பார்க்காத சீட்டுகள் 41 எஞ்சியிருக்கின்றன. அவற்றிலிருந்து இரண்டு விழவேண்டும். அப்படி விழக்கூடிய சோடிகள் 820. ஒவ்வொன்றாக எண்ணினால் இரண்டாமவர் 501இல் வெல்கிறார், முதலாமவர் 319இல் வெல்கிறார். நூற்றுக்கு 61க்கு 39. ‘ஒன்றுமே இல்லாத கை’ ஆகச் சிறந்த கையை ஐந்தில் மூன்று தடவை தோற்கடிக்கிறது!

எப்படி? அவருடைய நான்கு சீட்டுகளும் மேசையிலுள்ள 9, 8 ஆகியவற்றை இருபுறமும் சுற்றி வளைத்து நிற்கின்றன. ராணி வந்தாலும் வரிசை அமையும், ஜாக் வந்தாலும் அமையும், 10, 7, 6, 5 எது வந்தாலும் அமையும். அப்படி வரிசையைத் தரும் சீட்டுகள் மட்டும் 20. ஹோல்டெம் ஆட்டத்தில் வரிசைக்குக் காத்திருப்பவருக்கு உதவும் சீட்டுகள் எப்பாடுபட்டாலும் 8ஐத் தாண்டமாட்டா. பிளஷுக்குக் காத்திருப்பவருக்கு 9. இந்த 8க்கும் 20க்கும் இடையிலுள்ள தூரமே இரண்டு ஆட்டங்களுக்கும் இடையிலுள்ள தூரம். மேற்படி உதாரணத்தில் ஆட்டின் பிளஷும் சேர்ந்திருப்பதால்தான் இப்படி என்று ஒருவர் வாதிடலாம். சரி, ஆட்டினை எடுத்துவிடுவோம். இரண்டாமவரின் நான்கு சீட்டுகளையும் பிளஷுக்கு உதவாத வேறு இனங்களாக மாற்றிவிட்டு மீண்டும் எண்ணினேன். 820இல் 446. நூற்றுக்கு 54. அப்போதும் அவரே முன்னால் நிற்கிறார்.

இந்த இடத்தில்தான் பதுங்கும் புலியைக் கூண்டில் ஏற்றவேண்டும். முதலாமவர் புத்திமதிப்படி பேசாமல் இருக்கிறார். பந்தயம் கட்டவில்லை. எதிராளி சிரித்துக்கொண்டு தானும் கட்டாமல் நான்காவது சீட்டை இலவசமாகப் பெற்றுக்கொள்கிறார். விழக்கூடிய 41 சீட்டுகளில் 24 அவரை அந்த இடத்திலேயே முன்னால் கொண்டுசெல்பவை. 7 சீட்டுகள் முதலாமவருக்குப் புல்ஹவுஸ் அல்லது அதற்கு மேல் தருபவை. மிச்சம் 10 எவருக்கும் உதவாதவை.

24இல் ஒன்று விழுந்தால் புலி பாய்கிறது. பாய்ந்த இடத்தில் வலை விரித்திருக்கிறது. 7இல் ஒன்று விழுந்தால்? மேசையில் ஒரே இலக்கம் இரண்டாகக் கிடப்பதைக் காணும் எதிராளி, கொஞ்சமேனும் ஆட்டம் தெரிந்தவராயின், கையைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். பிடிப்பதற்கு அங்கே மான் இல்லை. எவருக்கும் உதவாத 10இல் ஒன்று விழுந்தால் நிலைமை முதலாமவருக்குச் சாதகமாகிவிடும் என்று எண்ணவேண்டாம். ஒரேயொரு சீட்டு மட்டும் எஞ்சியிருக்கும் அந்த நிலையிலும் 40இல் 23 சீட்டுகள் இரண்டாமவருக்கே உதவுகின்றன. ஆக, பதுங்குவதால் வெல்லும்போது சில்லறையை வெல்கிறீர்கள், தோற்கும்போது மடியிலுள்ளது முழுவதையும் தோற்கிறீர்கள். இதற்குப் பெயர் தந்திரமா?

“39 வீதம்தான் வாய்ப்பென்றால், பிறகேன் பந்தயம் கட்டவேண்டும்?” என்று ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. எதிராளியின் நான்கு சீட்டுகளையும் நானும் நீங்களும் இங்கே திறந்துவைத்துப் பார்க்கிறோம். மேசையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. இப்படிப்பட்ட பயங்கரமான கை எப்போதும் எதிரில் இருப்பதில்லை. வெறும் பிளஷுக்கு மட்டும் காத்திருப்பவர், இரண்டு சோடி வைத்திருப்பவர், சிறிய மூன்று இரண்டுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பவர் ஆகியோரே அதிகம். வெறும் பிளஷுக்குக் காத்திருப்பவருக்கு எதிராக மூன்று ஒன்பதுகள் ஏறத்தாழ நான்கில் மூன்று தடவை வெல்லும். அவர்களெல்லாம் அடுத்த சீட்டைப் பார்ப்பதற்கு விலை கொடுக்கவேண்டும். விலை கேட்காத கடைக்காரன் கடையை மூடவேண்டியதுதான்.

விலை எவ்வளவு என்பதையும் பார்க்கலாம். நான்கு பொதுச்சீட்டுகள் விழுந்த பின்னர், காத்திருப்பவருக்குத் தெரியாத சீட்டுகள் 44. நடுவில் 100 இருக்க நீங்கள் 100 கட்டினால், அவர் 100 கொடுத்து 200ஐ வெல்ல முனைகிறார். மூன்றில் ஒரு தடவையாவது வென்றால்தான் அவருக்கு நட்டமில்லை. 44இல் மூன்றிலொன்று என்றால் 15 சீட்டுகள் அவருக்கு உதவவேண்டும். வெறும் பிளஷுக்குக் காத்திருப்பவரிடம், மேசையைச் சோடியாக்கி உங்களுக்குப் புல்ஹவுஸ் தந்துவிடும் சீட்டுகளைக் கழித்தால், 7 அல்லது 8தான் தேறும். அவர் பணம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு வருமானம். நீங்கள் தயங்கித் தயங்கி 50 மட்டும் கட்டினால் அவருக்கு 11 சீட்டுகளே போதும். கடைசிச் சுற்றில் வெல்லக்கூடிய பணத்தையும் மனதில் வைத்தால் அதற்கும் குறைவாகவே போதும். அரைப் பந்தயம் என்பது அரைக்கதவைத் திறந்துவைப்பது.

இன்னொன்று. அந்த ஆகக் கெட்ட நிலையிலேயே, அதாவது 61க்கு 39 என்ற நிலையிலேயே, எதிராளி முழுத்தொகை கட்டி உங்களுடைய மிச்சப் பணம் முழுவதையும் கேட்டால்கூடக் கொடுப்பது தவறில்லை. மூன்றிலொன்று, அதாவது 33 வீதம் போதுமான இடத்தில் உங்களிடம் 39 இருக்கிறது. எனவே பலமான கையைத் திறந்து ஆடுவதில் வரும் நட்டம், மறைத்து ஆடுவதில் வரும் நட்டத்தைவிட எப்படிப் பார்த்தாலும் சிறியது.

பலமான கை என்ற சொல்லே ஒமாஹாவில் ஐயத்துக்குரியது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இதையும் எண்ணிக் காட்டிவிடுகிறேன். மேசையில் இஸ்பேட் 8, ஆட்டின் 7, ஆட்டின் 6. உங்களிடம் கிளாவர் 10, கிளாவர் 9, கூடவே எதற்கும் உதவாத டயமன் 3, இஸ்பேட் 2. வரிசை அமைந்துவிட்டது, இதுவே நட்ஸ், இந்த நிமிடத்தில் உங்களை எவராலும் வெல்லமுடியாது. எதிராளியிடமும் 10, 9 இருக்கிறது. ஆனால் அவருடைய மற்றைய இரண்டு சீட்டுகள் ஆட்டின் ஏஸ், ஆட்டின் ராஜா. நூற்றுக்கு 60 தடவை இருவரும் பணத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வீர்கள். மற்றைய 40 தடவையும் ஆட்டின் விழுந்து முழுப் பணமும் அவருக்குப் போகும். நீங்கள் தனியாக வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? பூச்சியம். 820 சோடிகளில் ஒன்றுகூட இல்லை.

நட்ஸை வைத்துக்கொண்டு ஒருபோதும் வெல்லமுடியாத நிலை! ஹோல்டெம் ஆடுபவருக்கு இப்படி ஒரு சிக்கல் மிக அரிதாகவே நேரும். ஒமாஹாவில் இது சாதாரணம். ஆகவே இங்கே கைகளை இரண்டாகப் பிரிக்கவேண்டும். இப்போது நிறைந்திருப்பதோடு இன்னும் வளரக்கூடிய கை ஒன்று. இப்போது நிறைந்திருந்தும் இனி வளர இடமில்லாத கை மற்றது. முன்னையதைக் கொண்டு எவ்வளவு பணம் வேண்டுமானாலும் நடுவில் தள்ளலாம். பின்னையதை வைத்திருப்பவர், மேசையில் எல்லோர் முன்னும் பெருந்தொகை குவிந்திருக்கும்போது, ஓர் உயர்த்தலுக்கும் மறு உயர்த்தலுக்கும் பின்னர், அந்த நட்ஸையே கீழே வைத்துவிட்டு எழும் துணிவு கொண்டவராக இருக்கவேண்டும். நட்ஸைக் கைவிடுபவனை எமது ஊரில் விசரன் என்பார்கள். சொல்லட்டும்.

இவ்வளவும் சொன்னதால், காத்திருக்கும் கைகளுக்கெல்லாம் நான் மாலை போடுவதாக எவரும் எண்ணிவிடவேண்டாம். பதுங்கும் புலிகளின் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், எதைக் கண்டாலும் பாயும் இன்னொரு கூட்டமும் இணையத்தில் வளர்ந்திருக்கிறது. உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணிவிட்டுப் பணத்தைத் தள்ளும் கூட்டம் அது. அதே 9, 8, 2 மேசையை எடுப்போம். ஒருவரிடம் 7, 6, 5. வரிசை தரும் சீட்டுகளை அவர் எண்ணுகிறார்: 10 நான்கு, 7 மூன்று, 6 மூன்று, 5 மூன்று, மொத்தம் 13. ஆகா என்கிறார். 10 விழட்டும்: அவருடைய வரிசை 6இலிருந்து 10 வரை, ராணியும் ஜாக்கும் வைத்திருப்பவரின் வரிசை அதைவிட உயர்ந்தது, ஜாக்கும் 7உம் வைத்திருப்பவரினதும் உயர்ந்தது. 7 விழட்டும்: ஜாக், 10 வைத்திருப்பவர் மேலே. 6 விழட்டும்: 10, 7 வைத்திருப்பவர் மேலே. 5 விழுந்தால் மட்டுமே அவருடையது நட்ஸ். 13 என்று எண்ணியவரிடம் உண்மையில் முழுமனதோடு நம்பக்கூடிய சீட்டுகள் 3! மிகுதி 10உம், இருக்கும் பணத்தையெல்லாம் கொடுத்து இரண்டாம் இடம் வாங்கித் தருபவை. ஒமாஹாவில் இரண்டாம் இடத்துக்குப் பரிசில்லை.

நான் முதலில் காட்டிய ஜாக், 10, 7, 6 கையிலும்கூட, அந்த 20 சீட்டுகளில் 14தான் நட்ஸைத் தருபவை. ஜாக் அல்லது 10 விழுந்தால், ராணியுள்ளவரிடம் மேலான வரிசை இருக்கலாம். எதிரில் ஒருவர் மட்டும் மூன்று ஒன்பதோடு இருக்கும்போது இது பொருட்டல்ல. நான்கு பேர் உள்ளே இருக்கும்போது இதுவே எல்லாம். ஏஸ் இல்லாத பிளஷுக்கும் இதே விதிதான். அதை விரிக்க வேண்டியதில்லை. எனவே காத்திருப்பவன் சூதாடி என்பதும் பொய், காத்திருப்பவன் எல்லாம் கெட்டிக்காரன் என்பதும் பொய். எதற்காகக் காத்திருக்கிறான் என்பதே கேள்வி.

இவ்விடத்தில் எல்லோரும் உதாரணம் காட்டும் ஓர் ஆட்டத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன். 2009 நவம்பர் 21ஆம் திகதி, ஃபுல் ரில்ற் என்ற இணையத்தளத்தில், பின்லாந்துக்காரரான பற்றிக் அன்ரோனியஸ் என்பவரும் ‘இசில்டர் 1’ என்ற புனைபெயரில் ஆடியவரும் மோதினார்கள். புனைபெயர்க்காரர் சுவீடனைச் சேர்ந்த விக்ரர் புளொம் என்பது 2011இல் வெளியானது. நடுவில் குவிந்த தொகை 1,356,946 டொலர். இணையப் போக்கரில் அதுவரை எவரும் கண்டிராத தொகை. ஆட்டம் ஒமாஹா.

அன்ரோனியஸிடம் ஆட்டின் ஏஸ், ஆட்டின் ராஜா, இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 3. புளொமிடம் 9, 8, 7, 6. முதல் மூன்று பொதுச்சீட்டுகள் 5, 4, 2. அன்ரோனியஸுக்கு ஏஸிலிருந்து 5 வரை வரிசை நிறைந்துவிட்டது. புளொமிடம் ஒரு சோடிகூட இல்லை. பின்னர் விழுந்தவை 5உம் 9உம். பணம் பின்லாந்துக்குப் போனது. இந்தக் கதையை இன்றுவரை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கை நிறையாமல் பத்து இலட்சக் கணக்கில் பணத்தைத் தள்ளிய மடையன் தோற்றான் என்று ஒரு கூட்டம். அஞ்சாத வீரன், அதிர்ஷ்டம் கைவிட்டது என்று இன்னொரு கூட்டம்.

இருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. 3, 6, 7, 8 ஆகிய நான்கு இலக்கங்களில் எஞ்சியிருந்த 12 சீட்டுகளும் புளொமுக்கு மேலான வரிசையைத் தருபவை. அன்ரோனியஸுக்கு ஆட்டினிலும் இஸ்பேட்டிலும் பிளஷ் அமைக்க மெல்லிய வாய்ப்பு இருந்தது. எல்லாவற்றையும் எண்ணினால் 820இல் அன்ரோனியஸுக்கு 448, புளொமுக்கு 372. நூற்றுக்கு 55க்கு 45. நாணயச் சுண்டலைவிடச் சற்றே சாய்ந்த ஒன்று. மடையனும் அங்கில்லை, துரோகம் செய்த அதிர்ஷ்டமும் அங்கில்லை. இன்னொரு சிறு விடயத்தையும் கவனிக்கவேண்டும்: அன்ரோனியஸின் வரிசை நட்ஸ்கூட அல்ல. அந்த மேசையில் 6உம் 3உம் வைத்திருப்பவரே முதல்வர். ஆயினும் அவர் பதுங்கியிருந்து இலவசச் சீட்டுகளை வழங்கிக்கொண்டிருக்கவில்லை. அப்படிச் செய்யாததால்தான் அந்தத் தொகை அந்தத் தொகையானது. (அந்தத் தளம் 2011 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறையின் நடவடிக்கைக்கு உள்ளாகி, ஆடியவர்கள் பலர் தமது பணத்தைப் பெறுவதற்கு நீண்டகாலம் அலைய நேர்ந்தது வேறு கதை. அந்தக் கதையில் புலி யார், மான் யார் என்பதைத் தனியாக எழுதவேண்டும்.)

பதுங்குவதற்கு இடமே இல்லையா? இருக்கிறது, மறுக்கமாட்டேன். மேசையில் ராஜா, ராஜா, 5 விழுந்து, உங்களிடம் ராஜாவும் 5உம் இருக்கிறதென்றால் எதிராளிக்குக் காத்திருக்க அநேகமாக எதுவுமே இல்லை. அவர் வரிசையை அமைத்தாலும் பிளஷை அமைத்தாலும் உங்களுக்கே பணம். அப்போது அவருக்கு இலவசமாக ஒரு சீட்டைக் கொடுப்பது தூண்டிலில் புழுவைக் குத்துவது போன்றது. எதிராளி எதைப் பிடித்தாலும் உங்களைத் தாண்டமுடியாத இடத்தில் மட்டும் பதுங்குங்கள். அப்படியான இடங்கள் ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆடினாலும் ஓரிரண்டு தடவைக்கு மேல் வருவதில்லை. அந்த ஓரிரண்டு தடவைக்கான விதியை எடுத்து எல்லா இடத்துக்குமான விதியாக விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மின்னஞ்சல் நண்பருக்கு நான் எழுதிய பதிலில் கோட்பாடு எதனையும் சொல்லவில்லை. மூன்று ஆட்டங்களிலும் முதல் மூன்று பொதுச்சீட்டுகள் விழுந்தபோது அவர் எவ்வளவு பந்தயம் கட்டினார் என்று மட்டும் கேட்டேன். மூன்றிலும் ஒரு சதம்கூட இல்லை. 39 வீத வாய்ப்புள்ள கையோடு மூன்று தடவை தொடர்ந்து தோற்பதற்கு நூற்றுக்கு 23 தடவை இடமுண்டு என்று கணக்கிட்டு அனுப்பினேன். அதாவது நாலைந்து பேரில் ஒருவருக்கு நேர்வது. அதற்கு அவர் அனுப்பிய மறுமொழி ஒரே வரி: தளத்தை மாற்றிவிட்டாராம்.